இருட்டு மேடம்

உள்ளே நுழைந்ததும் சுவிட்சைத் தேடி எல்லா டியூப்லைட்டுகளையும் அணைத்துவிடுவாள். வங்கியானாலும் சரி, பல் மருத்துவரின் அறையானாலும் சரி. "ஒரு நிமிஷம் இருங்க. இந்த ரூமுக்குச் சொந்தமா எவ்வளவு வெளிச்சம் இருக்குன்னு பார்த்துக்கறேன்" என்பாள். பழைய கட்டடங்களின் அடைபட்ட முகப்பைத் திறந்து வெளிச்சமும் காற்றும் வரவழைப்பது அவள் தொழில். கொத்தனார்கள் அவளுக்கு வைத்த பெயர் 'இருட்டு மேடம்'.

இந்த முறை அவள் விளக்கை அணைத்தது அக்காவின் தையல்கூடத்தில். ஒரு காலத்தில் அந்த மாடியில் அம்மா தைத்தாள். அப்போது தெருப்பக்கம் முழுக்க ஜன்னல்கள். பள்ளி விட்டு வந்த இரண்டு பெண்களும் தரையில் விழும் வெயிலோடு நகர்ந்து நகர்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். சின்னவள் அக்காவின் நோட்டில் நிழல் விழும்படி உட்கார்ந்து குட்டு வாங்குவாள். பிறகு ஜன்னல்களை மூடிக்கொண்டு விளம்பரத் தகரம் வந்தது. பகலா இரவா என்று கடிகாரத்தைக் கேட்க வேண்டியதாயிற்று.

தகரத்தைக் கழற்றக் கட்டட முதலாளியைச் சம்மதிக்க வைக்க அவள் பட்ட பாடு அக்காவுக்குத் தெரியும். மேற்கு வெயில் உள்ளே அடிக்காதபடி ஜன்னல்களுக்கு வெளியே மரச்சட்டங்களைச் சாய்த்துப் பொருத்தினாள். ஒவ்வொரு சட்டத்தின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்ப்பாள். சிராய் தட்டுப்பட்டால் தச்சர் தொலைந்தார். "இதைத் துடைக்கப்போறது தைக்கறவங்க கை அண்ணே. சிராய் ஏறினா ஊசி எப்படிப் பிடிப்பாங்க?"

திறந்த அன்று வெளிச்சம் வந்தது. காற்று வரவில்லை. முதலாளி சட்டைக் காலரைத் தூக்கி விசிறிக்கொண்டார்.

"வெளிச்சத்தை வச்சு வேர்வையைத் துடைக்க முடியுமாம்மா? சாயங்காலம் வரைக்கும் பார்ப்பேன். இப்படியே இருந்தா தகரம் பழைய இடத்துக்குப் போயிடும்."

பேச்சில் யாருக்கும் தோற்காதவள் திரும்பிக்கொண்டு மரச்சட்டத்தின் ஓரத்தைத் தடவ ஆரம்பித்தாள். அக்காவுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"காத்து உள்ள வரணும்னா வெளிய போக வழி வேணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பியே. பின்பக்க ஜன்னலை ஏன்டி விட்டுட்ட?"

"அது அம்மா அலமாரிக்குப் பின்னால இருக்குக்கா."

"இருந்தா?"

"அதைத் தொட்டவங்ககிட்ட எல்லாம் நீ சண்டைக்குப் போயிருக்க. எனக்குக் கேட்க வாய் வரல."

அம்மா போன பிறகு அந்த அலமாரியை யாரும் இம்மிகூட அசைத்ததில்லை. அக்கா கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி வைத்தாள்.

"அம்மா இருந்திருந்தா, 'நீ மரத்துக்குக் காவலா, மனுசங்களுக்கா'ன்னு என்னைத்தான் கேட்டிருப்பா. பிடி அந்தப் பக்கம். மெதுவாடி, அதுக்கு ஒரு கால் ஆடும்."

அலமாரி நகர்ந்த இடத்தில் மட்டும் சுவர் இன்னும் பழைய நீலத்திலேயே இருந்தது. துருவேறிய தாழ்ப்பாளைத் தட்டித் தட்டி நீக்கியதும் ஜன்னல் முனகிக்கொண்டே திறந்தது. தெருப்பக்கமிருந்து புகுந்த காற்று, மேசை மேலிருந்த, சட்டைக்கு அளவு வெட்டி வைத்த தாள்களை வாரிக்கொண்டு கூடத்தைக் கடந்தது.

"ஐயோ, சட்டைக்கை பறக்குது, பிடிங்கடி!" என்று தையல் பெண்கள் துரத்தினார்கள்.

முதலாளி ஏதோ சொல்ல வந்தார். இருட்டு மேடம் காதில் வாங்கவில்லை. அம்மாவின் அலமாரியில் சாய்ந்து, கழுத்தோடு ஒட்டியிருந்த முடியை இரு கைகளாலும் அள்ளித் தூக்கி, பிடரியைக் காற்றுக்குக் காட்டினாள்.