நாலாம் பக்கத்தில் நான் செத்துப்போனேன்

இன்று காலை காக்ஸ் டவுனில், என் சொந்த நாற்காலியிலேயே, நான் கொல்லப்பட்டேன்.

வழக்கம்போல் எழுபதுகளின் ஹார்ட் ராக் இசையை மூன்று தெரு ஜன்னல்கள் அதிர வைத்துக்கொண்டு, இணைய இதழில் வந்த புதுச் சிறுகதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். எழுதியவர் எங்கள் கீழ்வீட்டு ஷீபா டீச்சர்.

கதையில் மாடிவீட்டில் தனியாக ஓர் அங்கிள். கிழிந்த பச்சை பனியன். கிட்டார் அலறும்போதெல்லாம் தரையை உதைப்பார்.

குனிந்து பார்த்தேன். பச்சைதான்.

நாலாம் பக்கத்தில் அவர் செத்துவிடுகிறார். பாட்டு மட்டும் திரும்பத் திரும்ப ஓடுகிறது. சத்தம் கேட்பதால் அவர் நன்றாக இருக்கிறார் என்றே கீழ்வீட்டார் இரண்டு நாள் நம்புகிறார்கள்.

அண்டசராசரமும் நடுங்கியது. சட்டென்று பாட்டை நிறுத்தினேன்.

அரை நிமிடத்தில் கதவு இடிபட்டது. சோப்பு நுரை வழியும் கையோடு ஷீபா.

"அங்கிள்! ஏன் பாட்டு நின்னுச்சு?"

"நீ ஏம்மா என்னைக் கொன்னே?"

"போன வாரம் ஒரே பாட்டு மூணு மணி நேரம் ஓடுச்சு. கதவத் தட்டக்கூட பயந்துட்டு படியிலயே நின்னேன். உங்க குறட்டை கேட்டப்புறந்தான் கீழ போனேன். ஓடினாலும் பயம், நின்னாலும் பயம். ஒரு சாவி குடுத்து வைங்க அங்கிள்."

டிரம்ஸையே வென்ற குறட்டை! பெருமைப்பட வேண்டிய நேரம். ஆனால் முதலில் மாற்றுச் சாவியைத் தேடி எடுத்து நீட்டினேன்.

நண்பர்களே, மாடிவீட்டுக்காரர் பிழைத்துக்கொள்ளும் சிறுகதை யாரிடமாவது இருந்தால் உடனே அனுப்புங்கள். அதுவரை மெல்லிசைதான்.