பூச்சிதான், பயப்படாதீக

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று தேடியிருப்பீர்கள். உயிரோடுதான் இருக்கிறேன். இதைச் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிட்டது... அதுதான் விஷயம்.

எங்கள் பங்குக் கோயிலில் இருந்து கோடை லீவில் இளைஞர் குழு கிராமங்களுக்குப் போகும். மிஷன் ட்ரிப் என்று பேர். சாமியார் அடிக்கடி எட்டிப் பார்க்க முடியாத ஊர்களுக்குப் போய், கோயிலுக்கு வெள்ளையடிப்பது, சின்னப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, பெரியவர்களுக்குச் சுகர், பிரஷர் பார்ப்பது... போகிறதெல்லாம் காலேஜ் பிள்ளைகள். இந்தத் தடவை நானும் வருகிறேன் என்றேன். வெயில் ஆகாது பாட்டி, வீட்டில் இருந்தே எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றார்கள்.

அப்படிச் சொன்னால் நான் வீட்டில் இருப்பேனா? நாலாம் வகுப்பைத் தாண்டாதவள் பத்திரிகையில் எழுதவில்லையா? வேனில் முதல் ஆளாக ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டேன்.

சிவகங்கைப் பக்கம், மெயின் ரோட்டை விட்டு ரொம்ப உள்ளே அந்த ஊர். வற்றிப்போன கண்மாய். பார்த்த பக்கமெல்லாம் கருவேலம். கொஞ்சம் வீடுகள், ஒரு சின்ன ஓட்டுக் கோயில்.

கோயிலுக்குப் பின்னால் உடைந்த ஓடுகள் குவிந்து கிடந்தன. பிள்ளைகள் பெயின்ட் டப்பாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சும்மா நிற்க எனக்குப் பிடிக்காது. செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு — கோயில் இடமாச்சே — ஓடுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

வலது காலில் சுருக்கென்றது.

முள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்தவள் ஆரோக்கியமேரி. அந்த ஊர்க்காரி, கோயில் சாவி அவளிடம்தான் இருக்கும். அவள் ஓடுகளுக்கு நடுவே எதையோ பார்த்தாள். பார்த்த முகம் வெளுத்துப்போனது. குரல் மட்டும் மாறவில்லை.

"ஒண்ணுமில்ல பெரியம்மா, பூச்சிதான். பயப்படாதீக. அப்படியே உக்காருங்க, நடக்க வேணாம்."

பூச்சி கடித்ததற்கு ஏன் நடக்கக் கூடாது?

நம்ம பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஊர்நாட்டில் ஊர்ந்து போகிற அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் வந்து நிற்குமாம். கடிபட்டவர் காதில் அந்தப் பேர் விழுந்தால் விஷம் விறுவிறுவென்று ஏறுமாம். அதனால் பறந்து போகிறதும் பூச்சி, நெளிந்து போகிறதும் பூச்சி. நானும் பிறந்ததில் இருந்து அதன் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அந்தப் பூச்சியா?" என்று கேட்டேன்.

ஆரோக்கியமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பூச்சிக்கடி என்றதும் ஒருத்தி ஆயின்மென்ட் தடவினாள். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. கட்டெறும்பாக இருக்கக் கூடாதா? ஆனால் ஊர் ஆண்கள் என்னைப் பிளாஸ்டிக் சேரோடு தூக்கினார்கள். கட்டெறும்புக்கு இவ்வளவு மரியாதையா?

வேனில் என் பக்கத்தில் ஃபாதர் உட்கார்ந்தார். பங்குக்குப் புதிதாக வந்த இளம் சாமியார், குழுவோடு வந்திருந்தார். பையில் இருந்து சின்னச் சிமிழ் ஒன்றை எடுத்தார். மந்திரித்த எண்ணெய்.

எங்கள் காலத்தில் அதற்கு அவஸ்தை பூசுதல் என்று பேர். உயிர் போகிற நேரத்தில் கொடுப்பது. சாமியார் அந்தச் சிமிழோடு தெருவுக்குள் வந்தால், எந்த வீட்டுக்குள் நுழைகிறார் என்று பார்த்துவிட்டு அழ ஆரம்பிப்போம்.

"எனக்கு அவஸ்தை வேணாம் சாமி" என்றேன்.

"இது அவஸ்தை இல்ல பாட்டி. இப்ப நோயில் பூசுதல்னு சொல்றோம். காய்ச்சல்காரங்களுக்குக்கூடக் குடுப்போம். சுகம் கிடைக்கத்தான்."

பேர் மாறினால் எண்ணெய் மாறிவிடுமா? ஆனாலும் நெற்றியைக் காட்டினேன், பூசினார். கால் வீங்கத் தொடங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஏகக் கூட்டம். ஃபாதர் சீட்டு வாங்க வரிசையில் நின்றார். கூடவே வேனில் வந்த ஆரோக்கியமேரிதான் என்னை உள்ளே கூட்டிப் போனாள். சின்ன வயசு டாக்டர். பேச்சிலேயே வெளியூர் என்று தெரிந்தது. என்ன கடித்தது என்று கேட்டார். பூச்சி சார் என்றாள் இவள். காலைப் பார்த்தார். ஆயின்மென்டும் ஓட்டுப் புழுதியுமாக அப்பிக் கிடந்த காலில் என்ன தெரியும்? ஒரு ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் சொன்னது பூச்சி. அவர் வைத்தியம் பார்த்ததும் பூச்சிக்குத்தான்.

நான் ஆரோக்கியமேரியைப் பார்த்தேன். சொல்லேன்டி என்று கண்ணால் கெஞ்சினேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். என் காதில் விழுந்தால் விஷம் ஏறிவிடும் என்று அவளுக்குப் பயம். நான் பிழைக்க வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறக்கவில்லை. யோசித்துப் பாருங்கள்... அந்தப் பாசமே என்னைக் கொன்றிருக்கும்.

நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

"பாம்பு, தம்பி" என்றேன். சத்தம் வரவில்லை. மறுபடி சொன்னேன். "பூச்சி இல்ல. பாம்பு. இவ பார்த்திருக்கா."

அறையே திரும்பிப் பார்த்தது. டாக்டர் எழுந்துவிட்டார். ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்த்தார்கள். உறைய வேண்டிய ரத்தம் தண்ணீராகவே நின்றது. பிறகுதான் சரியான மருந்து ஏறியது. சுருட்டை விரியனாக இருக்கும் என்றார். பார்க்கச் சின்னதுதானாம்.

சேவை செய்யப் போனேன். என்னைச் சேரோடு தூக்கியதுதான் அங்கே நடந்த பெரிய சேவை!

கேன்சரை 'அந்த வியாதி' என்கிறோம். செத்தால் 'தவறிவிட்டார்' என்கிறோம். பயத்துக்கு மெத்தென்று ஒரு பேர் வைத்தால் பயம் சின்னதாகிவிடுமா? வீட்டில் எப்படியோ சொல்லிக்கொள்ளுங்கள். டாக்டரிடமாவது அசல் பேரைச் சொல்லிவிடுங்கள்.

வீடு திரும்பிய பிறகு ஆரோக்கியமேரி முருங்கைக்காயோடு பார்க்க வந்தாள். சந்தோஷமாகத்தான் பேசினாள். கிளம்பும்போது மெதுவாகக் கேட்டாள்:

"எல்லாஞ் சரி பெரியம்மா... அத்தனை பேர் முன்னால பேரைச் சொல்லிட்டீகளே. அது இன்னும் எங்க ஊர்லதானே கெடக்கு?"

ஆஸ்பத்திரியில்தானே சொன்னேன், அவ்வளவு தூரம் அதற்குக் கேட்டிருக்காது என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

அவள் தலை மறைந்ததும், தொங்கப் போட்டிருந்த காலைக் கட்டில் மேலே இழுத்து வைத்துக்கொண்டேன்.