கடல் மந்திரவாதியின் வேண்டுதல்

கடவுளே இல்லை என்று ராயபுரம் முழுக்கச் சொல்லித் திரிந்த காலத்தில், தேவியை நம்பும் மந்திரவாதி ஒருவனை நாடகத்தில் படைக்கக் கிளம்பிய அசடு நான். ஏழு கடலுக்கு அப்பால் வாழும் அவன், மகன் உயிருக்காக வேண்டும் காட்சியில் ஜனங்கள் சிரிக்க வேண்டுமென்றே எழுதினேன்.

அந்த வேஷக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். கதவகலத் தோள், தாலாட்டும் குரல். அவரும் என்னைப் போலக் கறுப்புச் சட்டைதான். வசனத்தைப் படித்துக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிடிக்காத இடத்தில் ஒரு கண்ணை மட்டும் திறப்பார். அந்த வேண்டுதல் காட்சியைப் படித்த அன்று இரண்டுமே திறந்துகொண்டன.

"இன்னா நைனா, சாமி கும்புடறவன் இப்டியா பேசுவான்?"

"நாமதான் நம்பறதில்லையே, அண்ணே."

"நாம நம்பல. அவன் நம்பறான் இல்ல? என் வூட்டுக்காரி முன்னாடி குந்திகினு பாக்கப்போறா. புள்ளைக்கு ஜொரம்னா அவளும் இப்டித்தான் வேண்டிக்குவா. அவளப் பாத்து ஊரு சிரிக்கணுமா? மாத்தலன்னா வேற ஆளப் பாத்துக்க."

அவர் தோளுக்கென்று தைத்த மந்திரவாதி அங்கி வேறு ஆளுக்குப் பொருந்தாது. என் கிண்டலையெல்லாம் அடித்துவிட்டு, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காகப் பெற்றவர்கள் கேட்பதை மட்டும் எழுதினேன்.

மேடையில் அவர் முழங்காலிட்டதும் கொட்டகையே அடங்கிப்போனது. பகுத்தறிவுச் சிங்கமான நான் திரைக்குப் பின்னால் கைகூப்பி நின்றிருந்தேன். ஒருவன் பார்த்துவிட்டதும், கொசு அடித்ததாகக் காட்டிக்கொண்டேன்.

அரிதாரம் கலைக்கும்போது கேட்டேன். "நிஜமாவே வேண்டின மாதிரி இருந்துச்சே, அண்ணே. யார்கிட்ட வேண்டினீங்க?"

"வூட்டுக்காரிகிட்ட."