வைரவனின் முக்கால் அடி

காலை ஏழு மணிக்கெல்லாம் வைரவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லை மண்ணில் மண்டியிட்டுவிடுவார். கையில் துணிக்கடையிலிருந்து கொண்டுவந்த இரும்பு மீட்டர் கோல். இடப்பக்கச் சுவரில் தொடங்கி, பக்கத்து வீட்டு ஹபீபுர் ரஹ்மானின் மதில் வரை அளந்து, அதை அடிக்கணக்காக்கி, மாடியில் குடியிருக்கும் என்னை அண்ணாந்து பார்ப்பார்.

"பாத்தியளா சார், இன்னைக்கும் முக்கால் அடி கொறையுது."

கடை தியாகராய நகரில், வீடு சைதாப்பேட்டையில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷம் துணி கிழித்தவர். பத்திரத்தில் நாற்பது அடி என்றிருக்கிறது. பாய் மதில் எழுப்பும்போது இந்தப் பக்கம் தள்ளிக் கட்டிவிட்டார் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

நிலம் ஒரு சாக்குத்தான். மதிலை ஒட்டி அந்தப் பக்கம் பாயின் கிணறு இருக்கிறது. வைரவன் மூன்று இடத்தில் தோண்டியும் பருப்பு வேகாத உப்புத் தண்ணீர்தான் வந்தது. பாய்க்கு முதல் தோண்டலிலேயே இளநீர். போன கோடையில் குழாய் நின்றபோது தெருவே பாய் வீட்டில் குடத்தோடு நின்றது. இவர் போகவில்லை, வீட்டாரையும் விடவில்லை. அங்கே ராட்டினம் கிறீச்சிட்டால் இங்கே சோற்றுக் கை பாதியில் நின்றுவிடும். பொறாமை என்றால் கோபித்துக்கொள்வார். எனக்கு வேறு பெயர் தெரியவில்லை. முக்கால் அடி நகர்ந்தால் கிணற்றின் ஓரம் தம் பக்கம் வரும், கயிறு போட உரிமையும் வரும் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

மனு மேல் மனுப் போட்டதில் சென்ற வெள்ளிக்கிழமை சர்வேயர் வந்தார். நாடா பிடித்தார். சரியாக நாற்பது. வைரவன் ஒப்பவில்லை, தம் கோலை எடுத்துவந்து எல்லார் எதிரிலும் அளந்து காட்டினார். ஒவ்வொரு மீட்டர் முடிவிலும் கட்டைவிரலை ஊன்றி, விரலுக்கு அப்பால் அடுத்த மீட்டரைத் தொடங்கினார். வாடிக்கைக்காரர் மனம் நிறைய விரற்கடை துணி கூட விடுகிற கடைப் பழக்கம். பன்னிரண்டு தடவை அப்படி வைத்தால் முக்கால் அடி விரலுக்கடியிலேயே போய்விடும்.

"பெரியவரே, விரலை எடுத்துட்டு அளங்க" என்றார் சர்வேயர்.

வைரவன் தம் விரலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மதிலுக்கு அப்பால் நின்ற பாய் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வெயிலில் நின்றவர்களுக்காகப் பாயின் மனைவி ஜஹீதா ஒரு சொம்புத் தண்ணீரை மதில் மேலாக நீட்டினாள்.

"குடிங்க அண்ணாச்சி, இப்பதான் எறச்சது" என்றார் பாய்.

வேறு வழியில்லாமல் வாங்கினார். அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் அப்படி ருசியில்ல. லேசா உப்புக் கரிக்கு."

சொல்லிவிட்டு, காலிச் சொம்பை இன்னொரு தடவை நிரப்பச் சொல்லி மதிலுக்கு மேல் நீட்டினார்.