நான் சொன்ன ‘உண்டு’

முப்பதுகளின் தொடக்கத்தில் பீர்மேட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சொந்த ஊர் எலப்புள்ளி. வயலில் இறங்கப் பிடிக்காமல் மலையேறிப் போய், ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் இரண்டாவது கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். பாலக்காட்டுப் பக்கத்து ஆள் என்பதால் எனக்குத் தமிழும் வரும், மலையாளமும் வரும். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் மலைக்காய்ச்சலில், தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளாகக் குடியிருக்கும் லயங்களில் ஆட்கள் கொத்துக் கொத்தாகப் படுத்துவிட்டார்கள். தோட்டத்து ஆட்களுக்கு மருந்து கிடைக்கிறதா, சர்க்கார் அதைக் கவனிக்கிறதா என்று திருவிதாங்கூர் சட்டசபையில் ஒரு மெம்பர் கேள்வி போட்டார். நேரில் பார்த்துவர ஒரு கமிட்டியை அனுப்பினார்கள். கேள்வி போட்டவரும் அதில் இருந்தார். கடலோரத்து மலையாளி, எங்கள் எஸ்டேட் ஜனங்கள் பேசும் தெக்கத்தித் தமிழ் அவருக்குப் பிடிபடாது. அதனால் எஸ்டேட் மேனேஜர் துரை என்னை மொழிபெயர்க்க நிறுத்தினார்.

பத்துப் பேரை வரிசையாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். எனக்கோ தலைவலி. “தண்ணி காய்ச்சிக் குடிக்கிறீங்களா?” என்று கேட்டால் ஒருத்தர் விறகில் ஆரம்பித்து மழையில் போய் நிற்பார். இன்னொருத்தர் கங்காணி முகத்தைப் பார்த்துவிட்டு வாயே திறக்க மாட்டார். மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் கார் கீழே போயாக வேண்டும் என்று டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான்.

கடைசியாகக் கொழுந்து கிள்ளுகிற ஒரு அம்மா வந்தார். நாற்பது வயசிருக்கும்.

“மருந்து உண்டோ?” என்றார் மெம்பர். நான் கேட்டேன்.

“இருக்குய்யா. ஆபீசுல கண்ணாடி அலமாரியில வச்சிருக்காக. சாவி பெரிய கிளார்க்கய்யா இடுப்புல கெடக்கு. காலையில பேர் கூப்பிடுற எடத்துக்கு வந்து நின்னாத்தான் தருவாக. காய்ச்சக்காரன் எப்பிடிய்யா எந்திரிச்சு வருவான்? வீட்டாளு போய்க் கேட்டா, நோவு யாருக்கோ அவனை வரச் சொல்லுங்காக...”

இன்னும் சொல்லிக்கொண்டே போனார். மறுபடியும் ஹார்ன். நான் மெம்பர் பக்கம் திரும்பி, “உண்டு” என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

அந்த அம்மா விடவில்லை. “நான் அம்புட்டுப் பேசுனேன், நீங்க ஒத்த வார்த்தையில முடிச்சுட்டீகளே?”

“மலையாளத்துல அப்படித்தானுங்க, சுருக்கமாச் சொல்லீரலாம்” என்றேன். துளிக்கூடக் கூசாமல்!

நாலைந்து மாதம் கழித்துச் சட்டசபை நடவடிக்கைக் குறிப்பு அச்சாகி எங்கள் ஆபீசுக்கும் ஒரு பிரதி வந்தது. மருந்து இருப்பதாகத் தொழிலாளிகளே கமிட்டியிடம் சொல்லியிருப்பதால் மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை என்று சர்க்கார் பதில். படித்துவிட்டுப் பைலில் போட்டேன். சத்தியமாக அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு காலையில் அதே அம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். புருஷனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். கம்பளிக்குள்ளே உதறிக்கொண்டு கிடக்கிறாராம். பெரிய கிளார்க் கல்யாணத்துக்குக் கோட்டயம் போயிருந்தார், சாவியோடு. கண்ணாடிக்குப் பின்னால் குயினைன் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த அம்மா என்னைப் பார்க்கிறார். நான் பாட்டிலைப் பார்க்கிறேன்.

துரையிடம் ஓடினேன். அவர் அந்த அச்சுப் பிரதியை எடுத்து என் முன்னால் போட்டார். மருந்து கிடைக்கிறது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்களே, இப்போது என்ன புதுப் புகார் என்று கேட்டார். சாவி இல்லை என்றேன். கிளார்க் நாளை மறுநாள் வந்துவிடுவார் என்றார். ஆள் தாங்கமாட்டான் என்றேன். பிரதியில் அந்த வரியை விரலால் தட்டிக் காட்டினார். சுவரோடு பேசியிருக்கலாம். ஆனால் அந்த வரி என்னுடையது. யார்மேல் கோபப்படுவது?

திரும்பி வந்து ரூல் தடியால் கண்ணாடியை உடைத்தேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவுக்குப் பின்னால் லயத்துக்கு ஓடினேன். லேபிளில் இருந்தபடி கொடுத்தோம். ஐந்தாம் நாள்தான் அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். அதற்குள் எனக்கு வேலை போயிருந்தது.

மலை இறங்குவதற்கு முன்னால் அந்த மெம்பருக்கு நடந்ததை எழுதிவிட நினைத்தேன். அந்த அம்மாவிடம் போய், என் ‘உண்டு’ செய்த வேலையைச் சொல்லி, “அன்னைக்குச் சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க, எழுதிக்கறேன்” என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். புத்தி போகுமா? ‘நோயாளிகள் நேரில் வர இயலாத நிலையில் உள்ளனர்’ என்று அழகுபடுத்திவிட்டேன். வாசித்துக் காட்டச் சொன்னார், வாசித்தேன்.

“இது நான் சொன்னது இல்லையே?”

“அர்த்தம் ஒண்ணுதானுங்க.”

“ஒருவாட்டி நீங்க அர்த்தம் சொல்லித்தான் எம்புருசன் சாவக் கெடந்தாரு. காய்ச்சக்காரன் எப்பிடி எந்திரிச்சு வருவான்னு எழுதுங்கய்யா.”

என் வரியை அடித்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். கீழே மலையாளத்திலும் ஒரு வார்த்தை விடாமல் எழுதி, அன்று தப்பாகச் சொன்னது நான்தான் என்று கையெழுத்துப் போட்டேன்.

ஊர் திரும்பியபின் எலப்புள்ளிக்கு மெம்பரிடமிருந்து ஒரு கார்டு வந்தது: அடுத்த கூட்டத்தில் கேட்கிறேன் என்று. கேட்டார். ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று சர்க்கார் பதில் சொன்னதாகப் பத்திரிகையில் படித்தேன். அதற்கடுத்த கூட்டத்திலும் அதே பதில். பத்திரிகையைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது. மூன்றாம் முறை அந்த அம்மாவின் கேள்வியை அப்படியே சபையில் வாசித்துவிட்டு, பதில் வரும்வரை உட்கார மாட்டேன் என்று நின்றாராம். மருந்தை லயத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கம்பவுண்டர் பெட்டியோடு வாசல் வாசலாக வருகிறார் என்று, ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத்து ஆள் வழியில் பார்த்துச் சொன்னார். அந்த ஒரு வருஷத்தில் காய்ச்சலோடு எத்தனை பேர் படுத்துக் கிடந்தார்களோ, நான் விசாரிக்கவில்லை, தைரியம் வரவில்லை.

கேட்பதற்கு ஒருத்தர் மலையேறி வந்தார், சொல்வதற்கு ஒருத்தர் பயப்படாமல் நின்றார். நடுவில் நின்ற எனக்கு இரண்டு நிமிஷம் பொறுமை இல்லாமல் போயிற்றே என்று நினைத்தால், இத்தனை வருஷம் கழித்தும் எரிச்சல் என் மேலேயே வருகிறது.