கீழே ஒன்றும் எழுதப்படவில்லை

அதே பெயர்

“முதல்லை கடைசி வரியை வாசியுங்கோ, அண்ணை” என்று கடிதத்தை நீட்டினான் சிவபாலன். நீட்டியவன் மறுமுனையை விடவில்லை. நான் மெல்ல இழுத்த பிறகுதான் விட்டான்.

ஆட்களைப் பற்றிப் பொலீஸ் எழுதிவைத்திருப்பதை அவர்களுக்கே தமிழில் சொல்வது என் தொழில். தொண்ணூறுகளில் கனடாவில், டோர்செட் பார்க் பகுதியில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே எனக்கொரு அறை இருந்தது. வேலைக்கும் வதிவிடத்துக்கும் பொலீஸ் பதிவு கேட்ட காலம். உறையைப் பிரிக்கப் பயந்து அப்படியே என் மேசையில் கொண்டுவந்து வைத்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். ஒன்றும் செய்யாதவர்கள்தான் அதைக் கூடுதலான நாள் பிரிக்காமல் வைத்திருந்தார்கள்.

சிவபாலன் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். அகதியென்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நிரந்தர வதிவிடம் கிடைத்தால்தான் மனைவியையும் மகளையும் எடுப்பிக்கலாம். அவர்கள் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அந்த லொட்ஜை அங்குள்ள பொலீஸ் அடிக்கடி சோதனை போட்டது. கடிதம் சொன்னது இவ்வளவுதான்: இதே பெயரும் இதே பிறந்த திகதியும் கொண்ட ஒருவருக்குக் குற்றப் பதிவு இருக்கக்கூடும், அது இவர்தானா என்று கைரேகை எடுத்துப் பார்க்க வேண்டும்.

“அது வேறை ஆளாய் இருக்கும். உங்கட பேரிலை எத்தினை பேர் இருப்பினம்” என்றேன்.

“நானில்லை எண்டு எனக்குத் தெரியும், அண்ணை. அங்கை ஆமி பிடிக்கேக்கையும் தெரியும். பேரைக் கூப்பிட்டவங்கள், எழும்பிப் போனனான்.”

குற்றவாளி, ஆனால்

கைரேகைக்கு நாள் கிடைக்கும்வரை சிவபாலன் வேலை முடிந்து வந்து என் அறையில் குந்தியிருப்பான். மற்றவர்களின் பதிவைக் கேட்டால் பயம் தெளியும் என்று நினைத்திருக்க வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ரஞ்சன் பிட்சா கொண்டுபோய்க் கொடுப்பவன். கார் நிறுத்துகிற இடத்தில் ஒருவரைத் தள்ளி விழுத்தியதற்கு வழக்கு. நீதிபதி நிபந்தனை இல்லாமல் விடுவித்திருந்தார். நான் விளக்கினேன்: தள்ளியது உண்மை என்று நீதிமன்றம் கண்டுவிட்டது, ஆனாலும் அதைக் குற்றத்தீர்ப்பாகப் பதியவில்லை, ஒரு வருடம் போனால் கேட்பவர்களுக்கு இதைக் காட்டமாட்டார்கள். ரஞ்சன் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னான்.

“அப்ப நான் செய்தனான், ஆனா செய்தனானெண்டு சொல்லமாட்டினம். அண்ணை, இதை ஒருக்கா என்ரை மனிசிக்கும் விளங்கப்படுத்தி விடுங்கோ.”

நான் சிரித்தேன். சிவபாலன் சிரிக்கவில்லை. ரஞ்சன் படியிறங்கிப் போகும்வரை அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கைவிடப்பட்ட வழக்கு

அஜின்கோர்ட்டிலிருந்து ஒரு அன்ரி வந்தார். நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருந்தவனோடு சண்டை. அகப்பைக்காம்பால் அவன் தோளில் ஒன்று போட்டிருக்கிறார். பொலீஸ் வந்து குற்றஞ்சாட்டியது. பிறகு அரச தரப்பு வழக்கைக் கைவிட்டது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை கேட்டவருக்கு வந்த கடிதத்தில், குற்றச்சாட்டும் அது கைவிடப்பட்டதும் ஒரே வரியில் இருந்தன.

“இது தீர்ப்பில்லை, அன்ரி. குற்றஞ்சாட்டினது ஒண்டு, குற்றவாளியெண்டு காணுறது வேறை ஒண்டு. உங்களை ஒருத்தரும் குற்றவாளியெண்டு சொல்லேல்லை.”

“விட்டிட்டினம் எண்டால் ஏன் தம்பி இன்னும் எழுதி வைச்சிருக்கினம்?”

வழக்கு முடிந்தாலும் அது நடந்ததென்ற குறிப்பு பொலீசிடம் இருக்கும் என்றேன். அழிக்கும்படி கேட்டு எழுதலாம், அழிப்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம் என்றேன். சிவபாலன் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தான். அன்ரி அவனைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

“கேட்டியே, மேனே? விட்டாலும் விடாயினமாம்.”

மை

கைரேகை எடுக்கப் பொலீஸ் நிலையத்துக்கு நானும் கூடப் போனேன். எடுத்த பெண் நல்லவள். கையைத் தளர விடும்படி சொன்னாள். நான் தமிழில் சொன்னேன். அவன் விரல்கள் தடிபோல நின்றன. அவள் ஒவ்வொன்றாகப் பிடித்து மையில் உருட்டி அட்டையில் உருட்டினாள். சிவபாலன் கண்ணை மூடிக்கொண்டு, எங்கே நிற்கிறோம் என்று என்னிடம் கேட்டான். கனடாவில் என்றேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டான்.

அட்டையில் வெறும் கறுப்புத் திட்டுகள் விழுந்தன. கோப்பை கழுவுகிற மருந்து ரேகைகளைத் தின்றுவிட்டது. தோல் ஆறியபிறகு வரச்சொன்னாள். வேலைக்குப் போகாமல் இருந்தால்தான் ஆறும். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சிரித்துக்கொண்டே அவள் சொன்னதை நான் அவனுக்கு மொழிபெயர்க்கவில்லை:

“இந்த விரல்களில் ஆளே இல்லை.”

வெறுந்தாள்

சிவபாலன் வேலையை விட்டான். கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு தன் அறையிலேயே கிடந்தான். இரண்டாம் தரம் ரேகை விழுந்தது. பதில் வந்த அன்று உறையை அவனே கிழித்துக்கொண்டு வந்தான்.

தாளின் மேலே ஒரே வரி: கொடுக்கப்பட்ட கைரேகைகளுக்குப் பொருந்தும் குற்றப் பதிவு எதுவும் இல்லை. அடியில் முத்திரையும் கையெழுத்தும். நடுவெல்லாம் வெறுமை.

“முடிஞ்சுது, சிவபாலன். நீங்கள் அந்த ஆளில்லை. இனி இதை அனுப்பினால் சரி.”

அவன் விரல் அந்த வெறுமையில் நின்றது. “இதிலை ஒண்டும் இல்லையே.”

“இல்லை. அதுதானே நல்லது.”

“ஆமிக் காம்பிலை எங்களிட்டை வெறும் தாளிலைதான் கையெழுத்து வாங்கினவங்கள், அண்ணை. எழுதினது பிறகு.” குரல் உயரவில்லை. “இதிலையும் கையெழுத்து முதலே கிடக்கு. நடுவிலை ஒரு கோடு கீறி விடுங்கோ. ஒருத்தரும் எழுதேலாமல்.”

குடிவரவுக்குப் போகிற மூலத்தில் நாங்கள் கைவைக்கக் கூடாது, கீறினால் எடுக்கமாட்டார்கள் என்றேன். இந்த நாட்டில் அப்படி எழுதமாட்டார்கள் என்றும் சொன்னேன். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னேன்.

“அப்ப மனிசியும் மகளும் வந்து சேரேக்கை இதிலை என்ன எழுதிக் கிடக்குமோ?”

பதிவில் இருப்பதை வாசித்துச் சொல்லத்தான் எனக்குக் கூலி. இல்லாததை நம்பவைக்க எவ்வளவு கேட்கலாம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தாளைப் போட்டோக்கொப்பி எடுத்தேன். மூலத்தை உறையிலிட்டு ஒட்டினேன். கொப்பியை மேசையில் விரித்து, அடிமட்டம் வைத்து, அந்த வரிக்குக் கீழே மூலைக்கு மூலை ஒரு கோடு கீறி அவனிடம் கொடுத்தேன். அவன் அதை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போனான்.