செவலை வெளிநாடு போய் வந்த கதை

அம்மா இறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. கருமாதிக்கு வந்தவர்கள் திரும்பத் திரும்ப ஒரே கதையைத்தான் சொன்னார்கள். ஒருவர் கதையில் ஒட்டகம் கப்பலில் வந்தது. இன்னொருவர் கதையில் அதற்கு உயிரே இருந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மாவின் பெயர் பூரணி. இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். கைக்குழந்தைக்குச் சேலைத் தொட்டில், நடக்கும் பிள்ளைக்குப் பாய். தோட்டத்தில் பாதிப் பேருக்கு அம்மா சோறூட்டியிருக்கிறார். அதனால் கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்றவர்களையும் நிறுத்தி, "மூக்கத் தொடைச்சிட்டு வாடா" என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது. எல்லோருக்கும் அவர் ஆயம்மா. பெரிய குரல். அவர் தாலாட்டினால் தூங்குகிற பிள்ளையும் எழும்பிவிடும் என்பார்கள்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. காம்பராவில் தனுஷிகா என்று ஒரு பிள்ளை. நான்கு வயது நிரம்பவில்லை. அவளுடைய தாய் யோகேஸ்வரி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். தகப்பன் சோலைமலைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. யோகேஸ்வரி வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் ஒரு பொம்மையைக் கழித்துப் போட்டார்கள். ஊருக்கு வந்த ஒருத்தியிடம் அதை அவள் மகளுக்குக் கொடுத்தனுப்பினாள். பழுப்பு நிறப் பஞ்சு ஒட்டகம். முதுகில் நீலச் சேணம்.

தோட்டத்துக் காவலுக்கு இருந்த வாச்சர் மூக்கன் அதை முதன்முதலில் பார்த்தபோது, "முதுகுல கட்டி வந்திருக்கே, ஆஸ்பத்திரிக்குக் காட்டலையா?" என்று கேட்டார். தனுஷிகாவுக்கு அது மாடு. நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயர் வைத்தாள். செவலை இல்லாமல் சாப்பிட மாட்டாள், படுக்க மாட்டாள்.

அதைத் தொலைத்தது அம்மாதான். காம்பராவைப் பார்வையிட ஆட்கள் வருவதாகச் சொன்னார்கள். அம்மா பாய், தொட்டில் சேலை எல்லாவற்றையும் துவைத்தார். அழுக்கேறிய செவலையையும் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் அலசி, ஓடைக்கரைத் தேயிலைச் செடிமேல் காயவைத்தார். வெயில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மழை. வட்டவளை மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது. பிள்ளைகளை உள்ளே இழுத்துவிட்டு அம்மா ஓடிப் பார்த்தபோது செடி இருந்தது, செவலை இல்லை. ஓடை சிவந்து ஓடிக்கொண்டிருந்தது. கீழ் மலைவரைக்கும் தேடினார்கள். கிடைக்கவில்லை.

தனுஷிகா அழவில்லை. காம்பரா வாசலில் உட்கார்ந்து ஓடையைப் பார்த்தாள்.

"செவலை எப்ப வரும் ஆயம்மா?"

"வந்துரும்டி."

பகலில் தூங்குவது நின்றது. சோறு பாதியில் நின்றது. அம்மா பழைய சாக்கை வெட்டி ஒரு ஒட்டகம் தைத்துக் கொடுத்தார். தனுஷிகா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது பன்னி" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"அவ அம்மாவும் வந்துர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனா" என்றார் அம்மா என்னிடம். "நானும் வந்துரும்னு சொல்லிட்டேன். இது வரலன்னா அந்தப் புள்ள இனிமே யாரு சொல்றத நம்பும்? நீ கம்பியூட்டர் படிச்சவதானே. தேடு."

நான் அப்போது ஹட்டனில் துரைராசா மாஸ்டரின் இணையக் கடையில் வேலை செய்தேன். பழுதான கணினிகளைத் திருத்துவது என் பொறுப்பு. மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

சிறுவர் தினத்தில் எடுத்த படம் ஒன்றில் தனுஷிகா செவலையை அணைத்துக்கொண்டு நின்றாள். அதை ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். பழைய பொம்மைகளை வாங்கி விற்பவர்களின் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒட்டகம், பஞ்சு பொம்மை, நீலச் சேணம் என்று ஆங்கிலத்தில் தட்டினேன்.

மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். "உதென்ன பிள்ளை? ஒட்டகமோ?"

"ஒட்டகந்தான் மாஸ்டர்."

"ஹட்டன் குளிருக்கு அது தாங்காது, பிள்ளை."

விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த வாரம் பழுதான கணினிகள் மேசைமேல் சேர்ந்துகொண்டே போயின.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கடைக்கு அழைத்து வந்தேன். திரையில் ஒட்டகங்களை வரிசையாகக் காட்டினேன்.

"இதுக்கு மூஞ்சி சிடுசிடுன்னு இருக்கு. வேற காட்டு. இது என்ன, பட்டினி கெடந்ததா? வேற."

"பூரணி அக்கா, பொம்பிளை பாக்கிற மாதிரியெல்லோ பாக்கிறியள்" என்றார் மாஸ்டர்.

"வீட்டுக்கு வர்றதுல்ல மாஸ்டர். பாத்துத்தான் எடுக்கணும்."

இங்கிலாந்தில் ஒரு வீட்டுக்காரி அதே ஒட்டகத்தை ஏலத்தில் போட்டிருந்தாள். அதே சேணம், அதே தொங்கல் உதடு. இலங்கைக்கு அனுப்புவதில்லை என்று எழுதியிருந்தது. மாஸ்டருடைய மகள் நிரூபா லண்டனில் இருந்தாள். அவள் பெயரில் கேட்டோம். கடைசி நேரத்தில் யாரோ எங்களைவிடக் கூட்டிக் கேட்டு எடுத்துக்கொண்டார்கள்.

"எவன் அவன்?" என்று அம்மா எழுந்தே விட்டார். பிறகு உட்கார்ந்தார். "சரி விடு. அவன் வீட்டுலயும் ஒரு புள்ள அழுவுதோ என்னவோ."

மூன்று வாரம் கழித்து, பழைய பொம்மை விற்கும் வேறொருவரிடம் இன்னொன்று வந்தது. இந்த முறை ஏலமில்லை. நிரூபா உடனே வாங்கித் தன் வீட்டுக்கு எடுத்து, அங்கிருந்து எங்களுக்கு அனுப்பினாள்.

பெட்டி நாங்கள் நினைத்ததைவிடப் பெரிது. திறந்தால் ஒட்டகத்தைச் சுற்றிச் சொக்லேட், பிஸ்கட், வாசனைச் சவர்க்காரம்.

"இதெல்லாம் எதுக்கு மாஸ்டர்?"

"வெளிநாட்டில இருந்து ஒரு சாமானை மட்டும் வைச்சுப் பெட்டி அனுப்பிப் பழக்கமில்லை எங்கட ஆக்களுக்கு. பிள்ளையளுக்குக் குடுங்கோ."

பெட்டியை எடுத்துக்கொண்டு நானும் அம்மாவும் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். யுத்த காலம். பஸ்ஸை நிறுத்திச் சோதித்த சிப்பாய் பெட்டியைத் திறக்கச் சொன்னான். ஒட்டகத்தின் தலை வெளியே வந்தது. "ஒட்டுவா?" என்று சிங்களத்தில் கேட்டான், ஒட்டகமா என்று. அம்மா தலையாட்டி, "பபாகே" என்றார், பிள்ளையுடையது என்று. அவன் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவைத்தான். பஸ் முழுக்கச் சிரித்தது.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. அம்மாவோடு காம்பராவுக்குப் போனேன். அம்மா ஒட்டகத்தை நீட்டினார். தனுஷிகா பாய்ந்து வாங்கினாள். முகத்தில் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

"இது செவலை இல்ல."

"ஏன்டி?"

"குண்டா இருக்கு. வெள்ளையா இருக்கு. சோப்பு வாசம் அடிக்குது."

மூன்றும் உண்மை. பழையது கட்டியணைத்து மெலிந்தது, அழுக்கில் கறுத்தது. இதை வைத்து யாரும் விளையாடவே இல்லை. நான் கணக்கில் எடுக்காத மாறிகள். அம்மாவுக்கு உதவியாக இருந்த பேச்சியம்மா அக்கா தொட்டில் ஆட்டுவதை நிறுத்தினார்.

அம்மா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"லயத்துல மூணாங் காம்பரா ராசம்மா அக்கா லெபனான்ல இருந்து வந்தாளே, எப்படி இருந்தா?"

தனுஷிகா யோசித்தாள். "குண்டா."

"போகும்போது?"

"ஒல்லியா."

"நெறம்?"

"வெள்ளையாயிட்டாங்க."

"வாசம்?"

"சோப்பு."

"அப்ப அவ ராசம்மா இல்லையா? வேற யாராச்சுமா?"

"ராசம்மா அக்காதான்."

"வெளிநாடு போயிட்டு வந்தா எல்லாரும் அப்படித்தான்டி. செவலை மட்டும் என்னவாம்?"

தனுஷிகா ஒட்டகத்தை மறுபடி பார்த்தாள். நான் மூச்சுவிட்டேன். சீக்கிரமாக விட்டுவிட்டேன்.

"அப்ப டொபி எங்க?"

நியாயமான கேள்வி. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் லயத்து வரிசை வீடுகள் முழுக்க டொபி கொடுப்பார்கள். டொபி இல்லாமல் வந்தவர் இதுவரை இல்லை. அம்மா என்னைப் பார்த்தார். நான் வீட்டுக்கு ஓடினேன். நிரூபாவின் பெட்டியோடு திரும்பினேன்.

அதற்குப் பிறகு ஒன்றும் எங்கள் கையில் இல்லை. பேச்சியம்மா அக்கா, வந்ததை வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டது தப்பு என்று சண்டை பிடித்தார். செவலையை மறுபடி வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்கள். மஞ்சள் தண்ணீர் கரைத்து ஆரத்தி சுற்றினார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து ஒட்டகத்திடம் சொக்லேட் வாங்கினார்கள். கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் எட்டிப் பார்த்து, "அடியே, என்னமா சதை போட்டுருச்சு!" என்று கன்னத்தில் கை வைத்தார்கள். மூக்கனும் வந்து கை நீட்டினார். "கட்டி இன்னும் கரையலையே, அங்கயும் டாக்டர் இல்லையா?" என்றார்.

"எதுக்குப் போச்சு ஆயம்மா?" என்று தனுஷிகா கேட்டாள்.

"ஒங்கம்மாவப் பாத்துட்டு வரத்தான்."

சொல்லிவிட்டார். அதன் பொருள், வெள்ளிக்கிழமை அம்மாவின் கைத்தொலைபேசி அடித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. அன்று எனக்குக் கடை லீவு. யோகேஸ்வரிதான் எங்களுக்கு எடுப்பாள். நாங்கள் அவளுக்கு எடுக்க வழியில்லை. அவளிடம் எதையும் சொல்லிவைக்கவில்லை. அம்மா வாய் திறப்பதற்குள் தனுஷிகா போனைப் பிடுங்கிவிட்டாள். அது சத்தமாகக் கேட்கும்படி வைத்திருந்த போன்.

"அம்மா! செவலை ஒங்களப் பாத்துட்டு வந்துருச்சு. நீங்க பாத்தீங்கதானே?"

காம்பராவில் ஒரு தொட்டிலும் ஆடவில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடி நோவெடுத்தது. குவைத்தில் எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ குழாயை மூடினார்கள்.

"பாத்தேன்டி" என்றாள் யோகேஸ்வரி. "பாக்காம? சோறு போட்டேன். ரெண்டு நாள் எங்கூடத்தான் படுத்துச்சு. தனு தேடுவா, நீ கிளம்புன்னு நாந்தான் அனுப்பிவச்சேன்."

தனுஷிகா எல்லாப் பிள்ளைகளையும் திரும்பிப் பார்த்தாள். "எங்கம்மா அனுப்புனாங்க!"

"நீங்களும் வருவீங்கதானே?" என்று மறுபடி போனில் கேட்டாள்.

"வராம? ஆயம்மாகிட்ட குடு."

அம்மா போனை வாங்கினார். யோகேஸ்வரியின் குரல் இறங்கி வந்தது. "என்ன ஆயம்மா, ஒட்டகத்துக்கு யாரு பாஸ்போட்டு எடுத்தது?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெரிய குரல் சிரிப்பு. பாயில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்து, போனை என்னிடம் தள்ளினார். சிரித்த சத்தத்தில் தொட்டில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழும்பி அழத் தொடங்கின. ஒரு பிள்ளை மட்டும் எழும்பவில்லை. சுவரோரமாக, ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வாயோரம் சொக்லேட்டோடு எப்போது தூங்கிப்போனாளோ தெரியாது.